யூத நண்பருக்குப் பரிசு: டிசம்பரா, செப்டம்பரா?

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு நவம்பர் கடைசி வந்தால் ஒரு யோசனை தொடங்கிவிடும். ஆபீஸில் பக்கத்து இருக்கைக்காரர், பிள்ளையின் வகுப்புத் தோழியின் அம்மா, எதிர்வீட்டுப் பெரியவர் என்று யாராவது ஒருவர் யூதராக இருப்பார். மற்றவர்களுக்கெல்லாம் கிறிஸ்துமஸை ஒட்டி ஏதாவது வாங்கும்போது இவரை மட்டும் விட்டுவிட மனசு வராது. கிறிஸ்துமஸ் பரிசு என்று நீட்டவும் சங்கடமாக இருக்கும். கடைக்குப் போனால் நீலமும் வெள்ளியுமாக ‘ஹேப்பி ஹனுக்கா’ என்று எழுதிய சாமான்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கும். ஹனுக்கா அந்தச் சமயத்தை ஒட்டி வரும் யூதப் பண்டிகை. அதில் ஒன்றை எடுத்து வந்துவிட்டால் விஷயம் முடிந்தது என்று தோன்றும்.

அப்படிக் கொடுப்பதில் தப்பில்லை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன, செலவும் குறைவு. நான் நியூஜெர்சியில் யூதக் குடும்பங்கள் நிறைய வாழும் ஊரில் இருக்கிறேன். பார்த்தும் கேட்டும் பழகியதில் எனக்கு ஏற்பட்ட முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருஷத்துக்கு ஒரே ஒரு பரிசுதான் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், அதை டிசம்பரில் கொடுக்க வேண்டாம். செப்டம்பரிலோ அக்டோபர் தொடக்கத்திலோ வரும் ரோஷ் ஹஷானா என்ற யூதப் புத்தாண்டுக்குக் கொடுங்கள். நண்பர் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் மட்டும் ஹனுக்கா முன்னால் வரும். மற்ற பண்டிகைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம் உண்டு. ஏன் அப்படி என்று விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் அடுப்படி

எந்தப் பண்டிகை என்று பார்ப்பதற்கு முன்னால், நண்பர் எவ்வளவு தூரம் ஆசாரம் பார்ப்பவர் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் சுமார் 75 லட்சம் யூதர்கள் இருப்பதாக பியூ ஆய்வு மையத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு சொல்கிறது. அதில் வயது வந்தவர்களில் 37 சதவீதம் பேர் சீர்திருத்தப் பிரிவினர், 17 சதவீதம் பேர் கன்சர்வேட்டிவ் பிரிவினர், வைதீகமான ஆர்த்தடாக்ஸ் பிரிவினர் 9 சதவீதம்தான். 32 சதவீதம் பேர் எந்தப் பிரிவையும் சேராதவர்கள். வீட்டில் கோஷர், அதாவது யூத உணவு விதிகளைக் கடைப்பிடிப்பவர்கள் 17 சதவீதம். திருமணமானவர்களில் 42 சதவீதம் பேருக்குத் துணை யூதரல்லாதவர். ஆகவே கிறிஸ்துமஸ் மரமும் ஹனுக்கா விளக்கும் ஒரே கூடத்தில் இருக்கும் வீடுகளும் உண்டு.

இந்தக் கணக்கு நாடு முழுவதற்கும் பொருந்தும், உங்கள் தெருவுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. நியூஜெர்சியின் லேக்வுட்டிலோ டீனெக்கிலோ, புரூக்ளினின் பரோ பார்க்கிலோ வில்லியம்ஸ்பர்க்கிலோ உங்களுக்குக் கிடைக்கும் நண்பர் ஆர்த்தடாக்ஸ் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதனால் ஊகிக்க வேண்டாம், நேராகவே கேட்டுவிடலாம். “வீட்டில் கோஷர் பார்ப்பீர்களா?” என்று கேட்டால் யாரும் வருத்தப்படுவதில்லை. கேட்டதற்காகச் சந்தோஷப்படுபவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். சிலர் வீட்டில் பார்ப்பார்கள், வெளியே பார்க்க மாட்டார்கள். சிலர் பன்றியும் இறாலும் மட்டும் சாப்பிட மாட்டார்கள். அவர்கள் வாயால் தெரிந்துகொள்வதே நல்லது.

கோஷர் பார்க்கும் வீடு என்றால் நம்மவர்களுக்கு வரும் முதல் எண்ணம், “நாம் சைவம்தானே, நம் பலகாரத்தில் என்ன பிரச்சினை?” என்பது. பிரச்சினை உண்டு. இறைச்சியும் பாலும் சேரக் கூடாது என்பதோடு விதி முடிவதில்லை. சமைத்த பாத்திரம் என்ன, அதில் முன்பு என்ன சமைத்தார்கள், அடுப்பைப் பற்ற வைத்தது யார் என்பது வரைக்கும் போகும். நீங்கள் எவ்வளவு சுத்தமாக வீட்டில் செய்த முறுக்கானாலும் ஆர்த்தடாக்ஸ் நண்பர் வாங்கி வைத்துக்கொண்டு நன்றி சொல்வார், சாப்பிட முடியாது.

பரிசு வாங்குபவருக்கு இத்தனை விதியும் தெரிய வேண்டியதில்லை. பாக்கெட்டின் முன்பக்கத்தில், பெரும்பாலும் கீழ் ஓரத்தில், மிளகு அளவில் ஒரு முத்திரை இருக்கும். வட்டத்துக்குள் ‘யு’ என்ற ஆங்கில எழுத்து இருப்பது அதிகம் தென்படுவது. நட்சத்திரத்துக்குள் ‘கே’, வட்டத்துக்குள் ‘கே’ என்று வேறு நிறுவனங்களின் முத்திரைகளும் உண்டு. முத்திரைக்குப் பக்கத்தில் ‘டி’ இருந்தால் பால் சேர்ந்தது. ‘பார்வே’ என்று இருந்தால் பாலும் இல்லை, இறைச்சியும் இல்லை, எந்த வேளைச் சாப்பாட்டோடும் சாப்பிடலாம். பரிசுக்கு பார்வேதான் வசதி. சுற்றி எதுவும் இல்லாமல் வெறும் ‘கே’ மட்டும் இருந்தால் ஆசாரமானவர்கள் அதை நம்புவதில்லை. ஓர் எழுத்தை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம் அல்லவா? இந்த முத்திரையைத் தேடி யூதக் கடைக்குப் போக வேண்டும் என்றும் இல்லை. சாதாரண சூப்பர் மார்க்கெட்டில் ஓரியோ பிஸ்கட் பாக்கெட்டிலேயே இருக்கும்.

முத்திரையே தேவைப்படாத பரிசு ஒன்று உண்டு: அறுக்காத, உரிக்காத முழுப் பழம். ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போன்றவற்றில் பூச்சி ஒளிந்திருக்கும் என்று ஆசாரமானவர்கள் தயங்குவார்கள். ஆப்பிள், ஆரஞ்சு, மாதுளை போன்றவற்றில் அந்தக் கவலை இல்லை.

டிசம்பர்: ஹனுக்கா

கி.மு. 164ஐ ஒட்டி, கிரேக்க செலூக்கிய வம்சத்து அரசன் நான்காம் அந்தியோக்கஸின் ஆட்கள் தீட்டுப்படுத்திய எருசலேம் ஆலயத்தை மக்கபேயர்கள் என்ற யூதப் போராளிகள் மீட்டு மறுபடி அர்ப்பணம் செய்த நாள் இது. ஒரு நாளைக்கு மட்டுமே போதுமான எண்ணெய் எட்டு நாள் எரிந்தது என்பது யூத மத நூலான தல்மூத் சொல்லும் கதை. அதனால்தான் எட்டு இரவு விளக்கு. தமிழ் பைபிளில் யோவான் 10ஆம் அதிகாரத்தில் மாரிகாலத்தில் வரும் ‘தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை’ என்பது இதுதான்.

ஆனால் யூத நாள்காட்டியில் இது சின்னப் பண்டிகை. வேலைக்குப் போகத் தடை இல்லை, பள்ளிக்கு விடுப்பு இல்லை. குழந்தைகளுக்குக் காசு கொடுக்கும் வழக்கம் பழையது. கட்டுக்கட்டாகப் பரிசு கொடுப்பது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸைப் பார்த்து ஏங்கிய பிள்ளைகளுக்காக வளர்ந்தது. ஆகவே ஒரு பெரியவருக்கு ஹனுக்கா பரிசு கொடுத்தால், அவருடைய முக்கியமான நாளை நீங்கள் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று அது காட்டாது. உங்கள் டிசம்பர் பட்டியலில் அவரையும் சேர்த்திருக்கிறீர்கள் என்று மட்டும் காட்டும். அதுவும் அன்புதான். ஆனால் அந்த வித்தியாசம் வாங்குபவருக்குத் தெரியும்.

தேதியும் காலை வாரிவிடும். யூத மாதங்கள் சந்திரனை வைத்துப் போவதால் ஹனுக்கா நகர்ந்துகொண்டே இருக்கும். 2024இல் கிறிஸ்துமஸ் அன்று மாலையில்தான் தொடங்கியது. 2026இல் டிசம்பர் 4 மாலை தொடங்கி 12ஆம் தேதி முடிந்துவிடுகிறது. ஆபீஸில் டிசம்பர் 22ஆம் தேதி பார்ட்டி வைத்து அன்றைக்கு ‘ஹேப்பி ஹனுக்கா’ என்று கொடுத்தால், பண்டிகை போய்ப் பத்து நாள் ஆகியிருக்கும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கதை வேறு. அந்த எட்டு இரவும் அவர்களுக்குத் திருவிழா. எட்டு பரிசு வாங்க வேண்டும் என்று நீங்கள் நினைக்க வேண்டியதில்லை, வெளியாள் ஒருவர் கொடுப்பது ஒன்று போதும். புதிர் விளையாட்டு, நல்ல கதைப் புத்தகம், கட்டுமானப் பொம்மை எதுவானாலும் சரி. அதோடு தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் காசு ஒரு சின்ன வலைப்பை. காசு வலைப்பை வாங்கும்போதும் முத்திரையைப் பாருங்கள். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குவது நல்லது, ஏனென்றால் அதே பொருளைப் பாட்டி வாங்கி மூன்றாம் இரவுக்கு ஒளித்து வைத்திருக்கலாம்.

விளக்கேற்ற வீட்டுக்கு அழைத்திருந்தால் வெறுங்கையோடு போக முடியாது. அதற்கு நான் சொல்வது மெழுகுவர்த்திப் பெட்டி. முதல் இரவு ஒன்று, கூடவே மற்றவற்றை ஏற்ற உதவும் ஷமாஷ் என்ற மெழுகுவர்த்தி ஒன்று, ஆக இரண்டு. அடுத்த இரவு மூன்று. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால் எட்டு இரவுக்கும் 44 வேண்டும், ஹனுக்கா பெட்டிகளில் அதே 44தான் இருக்கும். சாதாரணப் பெட்டி மலிவு, எல்லோர் வீட்டிலும் இருக்கும். தேன்மெழுகில் கையால் செய்த பெட்டி கொஞ்சம் விலை கூட, அதை யாரும் தமக்கென்று வாங்கிக்கொள்வது குறைவு. பரிசுக்கு அது பொருத்தம்.

விளக்கையே வாங்கிக் கொடுக்காதீர்கள். பல வீடுகளில் தாத்தா காலத்து விளக்கு இருக்கும், அதை விட்டுப் புதியதில் ஏற்ற மாட்டார்கள். கடையில் ஏழு கிளையுள்ளதை எடுத்துவிடும் அபாயமும் உண்டு. ஏழு கிளை ஆலயத்து விளக்கு, ஹனுக்காவுக்கு எட்டும் ஷமாஷுமாக ஒன்பது இடம் வேண்டும். அழகுக்காகச் சுடர்களை மேலும் கீழுமாக அமைத்த விளக்குகளும் விற்கிறார்கள். எட்டுச் சுடரும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்பது விதி என்பதால் ஆசாரமானவர்கள் அதில் ஏற்றத் தயங்குவார்கள். அப்புறம், சாண்டாவையும் ஹனுக்கா விளக்கையும் ஒன்றாகப் போட்ட சாமான், சிவப்பும் பச்சையுமான கிறிஸ்துமஸ் தாள் இரண்டும் வேண்டாம். தங்கள் வழிபாட்டை அழித்து வேறொரு வழிபாட்டைத் திணித்தபோது அதை எதிர்த்து நின்றவர்களின் நினைவு நாள் இது. அதைக் கொண்டுபோய்க் கிறிஸ்துமஸோடு கலப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆபீஸில் எல்லோருக்கும் கொடுக்கும்போது அவருக்கும் கொடுத்தாக வேண்டிய நிலை என்றால், எந்தப் பண்டிகையின் பெயரும் போடாமல் வருஷக் கடைசிப் பரிசாக நல்ல தேயிலையோ புத்தகமோ கொடுத்துவிடுங்கள். அது போதும்.

செப்டம்பர்: ரோஷ் ஹஷானா

யூத நாள்காட்டியில் திஷ்ரி மாதத்தின் முதல் இரண்டு நாள். இதிலிருந்து பத்தாம் நாள் யோம் கிப்பூர் என்ற உபவாச நாள். யூத வருஷத்தின் உச்சம் இந்தப் பத்து நாள்தான். வருஷம் முழுக்கத் தொழுகைக்கூடத்துப் பக்கம் போகாதவர்கூட இப்போது போவார். தூர ஊரில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருவார்கள். மேஜையில் ஆப்பிள் துண்டுகளைத் தேனில் தோய்த்து, வரும் வருஷம் இனிப்பாக இருக்கட்டும் என்று வேண்டிச் சாப்பிடுவார்கள். வட்டமாகச் செய்த ஹல்லா ரொட்டி, மாதுளை, தேன் கேக் எல்லாம் இருக்கும்.

இந்த நாளை நான் முதலில் வைப்பதற்குப் பெரிய காரணம், வெளியாள் யாரும் இதை நினைவில் வைப்பதில்லை என்பது. டிசம்பரில் ‘ஹேப்பி ஹனுக்கா’ சொல்ல வங்கிக்காரர் முதல் தபால்காரர் வரை ஆள் இருக்கிறது. செப்டம்பரில் அவர்கள் விடுப்புக் கேட்கும்போதுதான் ஆபீஸுக்கே தெரியும், அன்றைக்கென்று பார்த்து முக்கியமான மீட்டிங்கும் வைத்திருப்பார்கள். அந்தச் சமயத்தில் நீங்கள் ஒரு தேன் பாட்டிலோடு வந்து நின்றால், அதன் விலை பத்து டாலரோ பதினைந்து டாலரோ, அது அவர்களைத் தொடும்.

இரண்டாவது, பரிசு என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பண்டிகையே சொல்லிவிடுகிறது. தேனும் பழமும். தேன் வாங்கும்போது இரண்டு விதமாக வாங்கினால் விசேஷம். ஆரஞ்சுப் பூத் தேன் வெளிர் நிறம், லேசான மணம். பக்வீட் தேன் கிட்டத்தட்டக் கருப்பு, கருப்பட்டிப் பாகு போலக் கனமான ருசி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆப்பிளைத் தோய்த்துப் பார்ப்பது குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு. பாட்டிலில் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். அந்தச் சமயம் நியூஜெர்சி, நியூயார்க் பக்கம் தோட்டத்தில் போய் ஆப்பிள் பறிக்கும் காலமும்கூட. நீங்கள் குடும்பத்தோடு போய்ப் பறித்த பையில் பாதியைக் கொடுத்தால் அதற்கு எந்தச் சான்றும் வேண்டாம்.

இன்னொரு வழக்கம் இருக்கிறது, நம்மவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. பண்டிகையின் இரண்டாம் இரவு, அந்தப் பருவத்தில் இன்னும் சாப்பிடாத ஒரு ‘புதுப் பழத்தை’ மேஜையில் வைத்து, இந்த நாள் வரை எங்களை வாழவைத்தாயே என்று நன்றி சொல்லும் ஒரு வேண்டுதலைச் சொல்லிச் சாப்பிடுவார்கள். அதற்காகப் புதுப் பழம் தேடி அலைவார்கள். மாதுளை எல்லோரும் வாங்குவது. ஆனால் நம் இந்தியக் கடையில் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்! கொய்யா, நட்சத்திரப் பழம், சில சமயம் சீத்தாப்பழம். பக்கத்துச் சீனக் கடையில் ரம்புட்டான், டிராகன் பழம். நாம் காய்கறி வாங்கப் போகும்போது கூடையில் போட்டுக்கொண்டு வரும் பழம் அவர்கள் வீட்டு மேஜையில் வேண்டுதலுக்கு நடுவே இருக்கும். எனக்குத் தெரிந்து யூதரல்லாத நண்பர் கொடுக்கக்கூடிய பரிசுகளில் இதற்கு இணையானது இல்லை. முழுப் பழம் என்பதால் எவ்வளவு ஆசாரமான வீட்டுக்கும் கொடுக்கலாம்.

சில எச்சரிக்கைகள். இந்தப் பண்டிகையில் புளிப்பும் கசப்பும் வேண்டாம் என்று நினைப்பவர்கள் உண்டு, ஆகவே ஊறுகாய் பாட்டிலை வேறு சமயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய வழிவந்த அஷ்கெனாசி யூதர்களில் பலர் அன்று பருப்பு வகைக் கொட்டைகளையும் தவிர்ப்பார்கள், அதனால் பாதாம் முந்திரிப் பெட்டியும் வேண்டாம். யோம் கிப்பூருக்குப் பரிசே கிடையாது. சுமார் 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருக்கும் நாள் அது. உபவாசம் நல்லபடியாக நடக்கட்டும் என்று ஒரு செய்தி அனுப்பினால் போதும்.

பூரிம், பஸ்கா, ஒயின்

பூரிம், பைபிளின் எஸ்தர் புத்தகத்தில் வரும் கதையை ஒட்டிய பண்டிகை. அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், மக்கள் ஒருவருக்கொருவர் உணவுப் பங்குகளையும் ஏழைகளுக்கு வெகுமதிகளையும் அனுப்ப வேண்டும் என்று வருகிறது. அதன்படி பூரிம் அன்று, சாப்பிடத் தயாராக இருக்கும் இரண்டு பண்டங்களையாவது ஒருவருக்காவது அனுப்புவது மதக் கடமை. என் தெருவில் பூரிம் பகலில் கார்கள் வீடு வீடாக நின்று நின்று போகும். பின்சீட்டிலிருந்து ராணி வேஷத்தில் ஒரு பெண், சிங்கத் தொப்பி போட்ட தம்பி, இருவரும் இறங்கி ஓடி வந்து வாசலில் ஒரு கண்ணாடித்தாள் பையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். உள்ளே முக்கோணமாக மடித்து நடுவில் ஜாம் வைத்த ஹாமன்டாஷென் பிஸ்கட் இரண்டு, விரல் நீள திராட்சைச் சாறு பாட்டில், ஒரு மாண்டரின் ஆரஞ்சு, லாலிபாப். குடும்பப் பெயர் எழுதிய சீட்டு ரிப்பனில் கட்டியிருக்கும்.

உணவு கொடுத்து வாங்குவதே பண்டிகையாக இருக்கும் நாள் இது என்று பார்த்தால், இதுதான் முதலிடத்தில் இருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஆசாரம் குறைவாகப் பார்க்கும் குடும்பங்களில் பலர் இதைப் பெரிதாகக் கொண்டாடுவதில்லை, நீங்கள் பையோடு போனால் அவர்களுக்கே நினைவிருக்காது. உங்கள் அண்டை வீட்டார் ஆர்த்தடாக்ஸ் என்றால், அவர்கள் உங்களுக்கு அனுப்பினால், அன்று சூரியன் மறைவதற்குள் முத்திரையுள்ள பிஸ்கட் பாக்கெட்டும் இரண்டு பழமும் திருப்பி அனுப்புங்கள். அவர்களுக்கு முன்னால் நீங்கள் அனுப்பினாலும் கொண்டாட்டம்தான். 2027இல் இது மார்ச் 22 இரவும் 23 பகலும்.

எகிப்திலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகைக்கு உணவு கொண்டுபோகாதீர்கள். கோதுமை, பார்லி முதலான ஐந்து தானியங்களில் புளித்த எதுவும் வீட்டில் இருக்கவே கூடாது. அஷ்கெனாசிகளில் பலருக்கு அரிசியும் பருப்பும்கூட ஆகாது. சாதாரண முத்திரையும் போதாது, பஸ்காவுக்கென்று தனிக் குறி வேண்டும். பஸ்கா இரவில் நடக்கும் செடர் விருந்துக்கு அழைத்தால் பூங்கொத்து எடுத்துப் போங்கள், முடிந்தால் மதியமே கொடுத்தனுப்பிவிடுங்கள்.

ஒயின் என்பது எளிதில் நினைவுக்கு வரும் பரிசு, ஆனால் இதில்தான் அதிகம் சறுக்கும். திராட்சை பிழிந்தது முதல் பாட்டிலில் அடைத்தது வரை சனிக்கிழமை ஓய்வுநாள் ஆசாரத்தைக் கடைப்பிடிக்கும் யூதர்கள் கையாண்டதாக இருந்தால்தான் ஒயின் கோஷர். எண்பது டாலர் கொடுத்து வாங்கிய பிரெஞ்சு ஒயினை அந்த வீட்டில் திறக்க முடியாது. பெரிய ஒயின் கடைகளில் கோஷர் பகுதி தனியே இருக்கும், 15 முதல் 25 டாலருக்குள் நல்லது கிடைக்கும். லேபிளில் ‘மெவுஷால்’ என்று இருப்பதாகப் பார்த்து எடுத்தால், அது சூடாக்கிய ஒயின், யூதரல்லாதவர் கையால் ஊற்றினாலும் பிரச்சினை வராது. கோஷர் பார்க்காத நண்பருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, அவருக்குப் பிடித்ததை வாங்குங்கள்.

நம் பண்டிகையை அவர்களோடு பகிர்வது

அவர்கள் பண்டிகைக்குக் கொடுப்பதற்குப் பதில் நம் தீபாவளிக்கோ பொங்கலுக்கோ கொடுத்தால் என்ன? கோஷர் பார்க்காத நண்பருக்கு இது அருமையான வழி. உங்கள் வீட்டுக் கைமணம், உங்கள் பண்டிகை, எந்தப் பாசாங்கும் இல்லை. மைசூர்பாகு வாயில் கரைவதைப் பற்றி ஒரு வருஷம் பேசுவார்கள்.

ஆசாரமான நண்பர் என்றால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறு தெய்வத்துக்குப் படைத்த எதையும் அவர்கள் தொடக்கூடாது. இது எவ்வளவு கடுமையான விதி என்பதற்கு 2004இல் நடந்ததைச் சொல்லலாம். ஆர்த்தடாக்ஸ் பிரிவில் திருமணமான பெண்கள் பலர் தலைமுடியை மறைக்க விக் அணிவார்கள். அந்த விக்குகளில் திருப்பதியில் மொட்டையடித்துக் காணிக்கையாகக் கொடுத்த முடி கலந்திருக்கிறது என்று தெரிந்ததும், இஸ்ரேலின் மூத்த ரபி, அதாவது யூத மதகுரு, யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ் அவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். விலையுயர்ந்த விக்குகளைப் பெண்கள் கொண்டுவந்து புரூக்ளின் தெருவில் தீயில் போட்டார்கள்.

ஆகவே பூஜையில் வைத்து எடுத்த இனிப்பை, அன்பு மிகுதியால்கூட, அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஹனுக்காவுக்கு விளக்குதானே என்று கஜலட்சுமி விளக்கு வாங்கிக் கொடுக்கத் தோன்றும். பிள்ளையார் பொம்மை அழகாக இருக்கிறதே என்று தோன்றும். இரண்டும் அவர்களைத் தர்மசங்கடத்தில் விடும். அதே இந்தியக் கடையில் எவர்சில்வர் டபரா டம்ளர் செட்டும் ஒரு டப்பா காபித் தூளும் கிடைக்கும், அது நல்ல பரிசு. உலோகமும் கண்ணாடியுமான புதுப் பாத்திரங்களை அவர்கள் மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முக்கி எடுத்த பிறகே பயன்படுத்துவார்கள். அதனால் பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே கொடுங்கள், உள்ளே எதையும் நிரப்பி வைக்க வேண்டாம்.

வெளியே கூட்டிப்போய்ச் சாப்பாடு வாங்கிக் கொடுப்பதும் ஒரு வழி. நியூயார்க்கில் லெக்சிங்டன் அவென்யூ பக்கம் தென்னிந்திய சைவ உணவகங்கள் சில கோஷர் சான்றிதழ் வாங்கி நடத்தப்பட்டு வந்திருக்கின்றன. சான்றிதழ் இப்போதும் இருக்கிறதா என்று போன் செய்து கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். கோஷர் பார்க்கும் நண்பரோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து தோசை சாப்பிடுவது, அவர் வீட்டு வாசலில் எதை வைத்துவிட்டு வந்தாலும் கிடைக்காத சந்தோஷம்.

பொருளே வேண்டாம் என்று சொல்லும் வயதானவர்களுக்கு அவர்கள் பெயரில் நன்கொடை கொடுக்கலாம். நாம் மொய் எழுதும்போது 101, 501 என்று எழுதுவது போல அவர்களுக்கு 18இன் மடங்கு. எபிரேயத்தில் ‘உயிர்’ என்ற சொல்லின் எழுத்து மதிப்பு 18. ஆகவே 18, 36, 54, 180 டாலர். ஊர் உணவு வங்கிக்கோ நூலகத்துக்கோ கொடுப்பது யாரையும் உறுத்தாது. யூதர் என்றாலே இஸ்ரேல் என்று எடுத்துக்கொண்டு அந்த நாட்டுக் கொடி போட்ட பொருளையோ அதைச் சார்ந்த அமைப்புக்கு நன்கொடையையோ தேர்வு செய்ய வேண்டாம். அந்த விஷயத்தில் ஒரே வீட்டுக்குள்ளேயே அப்பாவும் மகளும் வேறு வேறு கருத்தில் இருப்பார்கள்.

2026இல் ரோஷ் ஹஷானா செப்டம்பர் 11, வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்குகிறது. முதல் நாள் ஓய்வுநாளாகவும் இருப்பதால், பொழுது சாய்ந்த பிறகு ஆசாரமான வீட்டுக்கு எதையும் எடுத்துப் போக வேண்டாம். போனும் எடுக்க மாட்டார்கள், அழைப்பு மணியும் அடிக்கக் கூடாது. வெள்ளி மதியம் சமையலறை போர்க்களமாக இருக்கும். வியாழன் சாயங்காலம் போய்க் கொடுத்துவிட்டு, ‘ஷானா டோவா’ (நல்ல வருஷமாகட்டும்) என்று சொல்லிவிட்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் வந்துவிடுவது உத்தமம். சீத்தாப்பழம் கொடுப்பதானால், தொட்டால் நெகிழும்வரை பழுக்க விட வேண்டும், விதையைக் கடிக்காமல் துப்பிவிட வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள். அந்தப் பழத்தை அவர்களில் பலர் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையில் எடுப்பார்கள்.